கறுப்புக் குவியல்

கோடை முடியப்போகிற வெயில் தோட்டத்து மேசையின் மேல் மஞ்சளாகச் சாய்ந்திருக்கிறது. துண்டுத்துணிகளை இணைத்துப் போர்வை தைக்கிற அண்ணி, தன் மூட்டையை இன்றுதான் முதன்முதலாக வெளியே கொண்டுவந்து கொட்டியிருக்கிறாள். இதுவரை தையல் அறையின் ட்யூப்லைட்டில்தான் நிறம் பிரித்திருக்கிறாள். எதிரே உட்கார்ந்து நாத்தனார் சிவப்பைச் சிவப்போடு சேர்க்கிறாள். ஒரு தேனீ பூப்போட்ட சீட்டித்துணியில் இறங்கி, நடந்து பார்த்து, ஏமாந்து செண்டுமல்லிக்கே திரும்புகிறது. "அண்ணி, இந்தக் கறுப்பைப் பாருங்களேன். கறுப்பாவா இருக்கு?" அண்ணி வாங்கி வெயிலில் பிடிக்கிறாள். கருநீலம். அடுத்தது கரும்பழுப்பு. மூன்றாவதைக் கண்ணருகே கொண்டுபோய், ஓரத்து நூலை உருவிப் பார்க்கிறாள். "இது பச்சை." "இதுல உள்ளங்கை அளவு வெட்டியிருக்கே, எதுக்கு எடுத்தீங்க?" அண்ணி தக்காளிப் பாத்தியைப் பார்க்கிறாள். அங்கே அண்ணன், பின்பக்கம் ஒட்டுப்போட்ட தன் ஆபீஸ் கால்சட்டையோடு, குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருக்கிறான். கறுப்புத் துணியின் நடுவே அந்த ஒட்டு, வெயில் பட்டு, தக்காளி இலை நிறத்தில் இருக்கிறது. "மாசக்கணக்கா போட்டுட்டுப் போறாரே. ஆபீஸ்ல யாருமா சொல்லலை?" "அங்கயும் ட்யூப்லைட்தானே" என்றபடி, அண்ணி அந்தத் துண்டை மெல்ல மடித்துப் பச்சைக் குவியலில் வைக்கிறாள்.