சனோபர் நட்ட பிஸ்தா

"பெண்டாட்டி ஆசையா நட்ட கன்னு. அதுக்கு ஒரு வாளி தண்ணி ஊத்த மனசு வரல அந்த ஆளுக்கு," என்றாள் ஓய்தின், தந்தூர் அடுப்புக்குள் ரொட்டியை ஒட்டிக்கொண்டே.

அடுப்பைச் சுற்றி நின்ற பெண்கள் ஆமாம் போட்டார்கள்.

அந்த ஆள், பக்கத்து வீட்டு ஹம்ரோ. அவர் மனைவி சனோபர், மார்ச் மாதம் வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவில் ஆறு பிஸ்தாக் கன்றுகளை நட்டாள். அடுத்த மாதமே நெஞ்சுவலியில் போய்விட்டாள். ஓய்தினுக்கு அவள் முப்பது வருடச் சிநேகிதி.

ஹம்ரோ இருபது நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் விட்டார். ஓய்தின் நேரிலேயே கேட்டாள். பிஸ்தாவுக்கு அது போதும், தாகம் இருந்தால்தான் வேர் ஆழமாக இறங்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கஞ்சன் சொல்லும் சாக்காகத்தான் அவளுக்குப் பட்டது.

அந்த மலையடிவாரத்தில் வாரம் இரண்டு நாள்தான் தண்ணீர் லாரி வரும். ஓய்தின் தன் வீட்டுப் பங்கிலிருந்து மிச்சம் பிடித்து, தினமும் அதிகாலையில் யாருக்கும் தெரியாமல் சரிவில் ஏறி ஊற்றினாள். ஜூலையில் இலைகள் பழுத்து உதிரத் தொடங்கின. வெயிலென்று நினைத்து இன்னொரு வாளி சேர்த்தாள்.

ஆகஸ்டில் ஆறு கன்றுகளும் பட்டுப்போயின.

தான் ஊற்றியது போதவில்லை என்று நினைத்து, ஆத்திரம் தாங்காமல் போய்ப் பார்த்தாள். ஹம்ரோ கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"காய வச்சே கொன்னுட்டீங்களே, அண்ணே."

அவர் ஒரு கன்றை நீட்டினார். வேர் கறுத்துப்போயிருந்தது. தொட்டதும் தோல் நைந்து கையோடு வந்தது. அழுகல் வாடை.

"களிமண்ணும்மா. தினம் தண்ணி நின்னா வேருக்கு மூச்சு முட்டிடும்."

ஓய்தின் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். ஊரெல்லாம் அவரைப் பற்றித் தான் பேசிய பேச்சு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"நான்தான் அண்ணே... தினமும் நான்தான் வந்து..."

"தெரியும். முதல் நாளே பார்த்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அவ மரம் பொழைச்சிருக்குமே."

ஹம்ரோ குழியில் மண்ணைத் தள்ளினார்.

"சொல்லத்தான் நாலஞ்சு தடவை பின்கதவு வரைக்கும் வந்தேன். நீ ஊத்தும்போது 'சனோபர், சனோபர்'னு கூப்பிட்டு வீட்டு சேதியெல்லாம் அவகிட்ட சொல்லிக்கிட்டிருப்பே. சொன்னா வர்றதை நிறுத்திடுவியே. அவ போனப்புறம் இந்த வீட்டுல அந்தப் பேரைக் கேட்டது அப்ப மட்டும்தாம்மா."