முதல் ஊசி

"நாக்கை வழிச்சிராதிய. டாக்டரம்மா நாக்கைப் பாக்கணுமாம்" என்று குளியலறை வாசலில் நின்று எச்சரித்தாள் மனைவி உலகம்மாள்.

பாலசுப்பிரமணியன் நாக்கு வழிப்பானைக் கீழே வைத்தார். காலையில் காப்பியும் கிடையாது. இரண்டே இட்லி. முழங்கால் வலிக்கு அக்குபங்சர் என்று முடிவானதிலிருந்து வீட்டில் ஒரே சட்டம்தான்.

"ஊசின்னா எனக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியும்லா?"

"தெரியாம என்ன? கொரோனா ஊசிக்கே ஊரைக் கூட்டிட்டிய. இன்னைக்கு மூச்சு காட்டப்படாது, ஆமா. வெளிய பெஞ்சுல நாலு பேரு இருப்பாவ. நீங்க கத்துனா அம்புட்டுப் பேரும் எந்திச்சுப் போயிருவாவ."

"அது தெரிஞ்சுதான வாரேன்."

ஆட்டோவில் பாளையங்கோட்டை போய்ச் சேரும்வரை, தொடையைத் தானே கிள்ளிக்கொண்டு முகம் கோணாமல் இருக்கப் பழகினார். கிளினிக் வாசலில் கட்டியிருந்த மாவிலை இன்னும் வாடவில்லை.

"மொதல்ல அண்ணாச்சி போவட்டும். அவுக எப்படி வாராகன்னு பாத்துட்டு நாம போவோம்" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

உள்ளே கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் முழங்காலை இரண்டு மூன்று முறை தடவி இடம் தேடின. சுரீரென்று ஏறியது வலி. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வலிக்காப்பா?" என்றாள் அனுராதா. படிப்பை முடித்துவிட்டு அவருடைய மகள் கிளினிக் திறந்த முதல் நாள் அது. அவளுக்கு அவர்தான் முதல் நோயாளி.

பாலசுப்பிரமணியன் கண்ணைத் திறக்காமலே, வாசல் பெஞ்சுவரை கேட்கும்படி சொன்னார்:

"என்ன தாயி, இன்னும் குத்தவே இல்லையா?"