வெங்காயம் ஏறாத தோணி

தோணி கொழும்புக்குப் போய்விட்டது. வெங்காய மூட்டைகள் தூத்துக்குடித் துறைமுகத்திலேயே கிடந்தன.

"அழுகிப்போனா யாரு பொறுப்பு? நான் வேற ஏஜென்சிக்குப் போயிருதேன்" என்றார் சாத்தான்குளம் வியாபாரி செல்வதுரை, சரக்கு ஏற்றிவிடும் ஏஜென்சியின் அலுவலகத்தில்.

மேனேஜர் எஸ்றா, ஓரமாக நின்ற தளவாயைப் பார்த்துக் கையை நீட்டினார். விரல்கள் நடுங்கின.

"தோணி வெள்ளிக்கிழமைன்னு தப்பாத் தந்தி கொடுத்தது நீதானலே? நாளையிலருந்து வேலைக்கு வராத."

தளவாயின் தலை குனிந்தது.

செல்வதுரைக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், அவரு வயித்துல அடிக்காதேயும். அடுத்த தோணியில நீரே ஏத்திவிடும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் எஸ்றா நாற்காலியை விட்டு எழுந்து தளவாயைப் பார்த்தார். "நீங்க சொன்னீங்கன்னுதான் ஏசினேன், மொதலாளி. தப்பாத் தந்தி கொடுத்தது நான்."

தளவாய் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னைய அவருக்குத் தெரியாது; நாளைக்கும் அவரு உம்மை நம்பித்தானவே சரக்கு அனுப்பணும். அடுத்த தடவை ஏசும்போது கை நடுங்கப்படாது."