கேரியரில் இருக்கிறாள்

மேடு வந்தால் சைக்கிள் கேரியரில் இருப்பவர் இறங்கிக்கொள்வதுதான் வழக்கம். வடிவு மூன்று தடவை கேட்டுவிட்டாள். "ஏங்க, நான் எறங்கி நடந்து வரேனே." அவள் கணவன் தணிகாசலம் திரும்பவில்லை. கழுத்தை நீட்டி, முன்சக்கரத்தை மட்டுமே பார்த்தபடி மிதித்தான். "உச்சியைப் பாக்கக்கூடாது. நடுவுல நிக்கக்கூடாது. நின்னா மறுபடி ஏற முடியாது. நீ எறங்கணும்னா நான் நிக்கணும். பேசாம உக்காரு." கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக எல்லா மேட்டுக்கும் இதே யோசனைதான். புல்லுக்கட்டோடு நடந்து வந்த ஒருத்தி அவர்களைக் கடந்து மேலே போனாள். கட்டை இறக்கிவிட்டு அவள் வெறுங்கையோடு திரும்பி வந்தபோதும் சைக்கிள் அதே மைல்கல்லின் பக்கத்தில்தான் இருந்தது. அவள் வடிவைப் பார்த்துக்கொண்டே கீழே நடந்தாள். வடிவு காலை நீட்டினாள். செருப்பு தரையில் பட்டது. சத்தமில்லாமல் வழுக்கி இறங்கி நின்றாள். பாரம் குறைந்தது அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் அவன் கால்கள் ஓய்ந்திருந்தன, சைக்கிள் பின்னால் சரிந்தது. அவள் தன்னையறியாமல் கேரியரை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து தள்ளினாள். மைல்கல் மெல்லப் பின்னுக்குப் போனது. "பாத்தியா," என்றான் அவன் மூச்சிரைக்க, "சொன்னபடி உக்காந்திருந்தா தன்னால ஏறுது. அசைஞ்சுடாத." கீழே, அவர்கள் ஏறி வந்த பாதையில், புல்லுக்காரி கையை வீசிக்கொண்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். வடிவு ஒரு கையை மட்டும் எடுத்துப் பார்த்தாள். சைக்கிள் அவள்மேல் வந்து சாய்ந்தது. எடுத்த கையைத் திரும்ப வைத்தாள்.

"அசையலீங்க."