கடைசிப் பக்கம் வரை

“அம்மா, வானத்தைவிடப் பெருசா ஒண்ணு இருந்தா, நாம அழுறது அதுக்குக் கேக்குமா?”

ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஒன்பது வயது இமையா இப்படிக் கேட்டதும் அம்மா மரகதவல்லி போனை எடுத்தாள். மகள் விரும்பிப் படித்த திகில் கதைகளை எழுதிய அருளானந்தத்துக்கே அந்தக் கேள்வியை அனுப்பினாள். “கேக்காது கண்ணு. ஆனா எனக்குக் கேக்குது, சொல்லு” என்று அவர் பதில் எழுதினார். இமையா இறக்கும்வரை, நாற்பது நாளும் தவறாமல் எழுதினார்.

இப்போது அவரவர் மனசுக்கு இதமான கதையை இயந்திரமே எழுதித் தருகிறது. ஓராண்டாக ஒருவரும் முழுதாகப் படிக்காத புத்தகங்களை மின்நூலகத்திலிருந்து அழிப்பது மரகதவல்லியின் வேலை. வியாழக்கிழமைப் பட்டியலில் அருளானந்தத்தின் நாவல் இருந்தது.

“இதை எவன்க்கா படிப்பான்? சோறு இறங்காது. அழிச்சுத் தள்ளுங்க, டீ ஆறுது” என்றான் உடன் வேலைபார்க்கும் திரவியம்.

“நாளைக்குப் பாத்துக்கிறேன்” என்றாள்.

மறுநாள் விடுப்பு எடுத்து, சாமி கும்பிட்டுவிட்டு, வீட்டில் வாசிப்புக் கருவியில் அந்த நாவலைப் படிக்க உட்கார்ந்தாள். வரிவரியாகக் கண் ஓடினால்தான் கருவி அந்தப் பக்கத்தைப் படித்த கணக்கில் சேர்த்துக்கொள்ளும். கதையில், கடலடியிலிருந்து எழுந்த ஒன்று ஓர் ஊரையே கவனிக்காமல் மிதித்துவிட்டுப் போகிறது. ஒரு தாய்க்கு மகளின் செருப்பு மட்டும் கிடைக்கிறது. அந்தப் பக்கத்தைக் கருவி ஏற்கவில்லை. கண்ணீரில் அவள் கண் அதற்குத் தெரியவில்லை. முகம் கழுவி வந்து மறுபடி படித்தாள். நான்காம் முறை ஏற்றது.

சாயங்காலம் கடைசிப் பக்கம் முடிந்ததும் ‘வாசித்தவர்: ஒருவர்’ என்று வந்தது. இன்னும் ஓராண்டுக்குத்தான் அந்த நாவல் பிழைக்கும். வாசித்தவர் பெயர் கேட்ட கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.