உள்ளங்கைச் சீனி

"அந்த இந்தியாக்காரனுக்கு ஒரு சொட்டுத் தேத்தண்ணி குடுக்கக் கூடாது. சொல்லிட்டேன்!"

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் நின்று தோட்டத்துத் தொழிலாளர் தலைவர் பொன்னையா கத்தினார். அவர் கத்தினால் கொத்மலையில் எதிர் மலைக்கும் கேட்கும்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. இந்தியாவும் இலங்கையும் வர்த்தக ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தன. எல்லாம் பேசி முடித்து, தேயிலையில் வந்து சிக்கி நின்றது. இந்தியத் தேயிலையைக் கொண்டுவந்து இங்குள்ளதோடு கலந்து, இலங்கைப் பெயரிலேயே விற்கலாமா, கூடாதா?

"கலந்துட்டா நம்ம கொழுந்த எவன் தேடுவான்? தோட்டத்த இழுத்து மூட வேண்டியதுதான். நல்லவேளை, நம்ம பக்கம் பேசுறது டயகம நிஷாந்தி. தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்த புள்ள, விட்டுக்குடுக்காது."

அந்த நிஷாந்திதான் இந்திய அதிகாரியைத் தோட்டம் காட்ட அழைத்து வந்தாள். பெயர் இராமையா. நரைத்த தலை, மடிப்புக் கலையாத கோட்டு. வந்தவர் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பொன்னையா சொல்வதை அவர் மனைவி ராக்காயி என்றைக்குக் கேட்டாள்? பூப்போட்ட கோப்பையில் பால் தேத்தண்ணியை விருந்தாளிக்கு நீட்டினாள். கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்களுக்கு வழக்கம்போல வெறுந்தேத்தண்ணி.

இராமையா கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"பாத்தியா! நம்ம கையால வாங்கிக் குடிக்க மாட்டாராம்." பொன்னையா பல்லைக் கடித்தார்.

"அக்கா, அவங்க குடிக்கிறதையே எனக்கும் குடுங்க" என்ற இராமையா, இடது கையைக் குழித்து நீட்டினார். "சீனிய இதுல போடுங்க."

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே வெறுந்தேத்தண்ணி குடிப்பது தோட்டத்து ஆட்களின் பழக்கம். வெளியாள் கரண்டி கேட்பான், கையை நீட்ட மாட்டான்.

"நீங்க யாரு வீட்டுப் புள்ள?" என்றாள் ராக்காயி.

"இந்தத் தோட்டத்து மேக்கணக்கு லயம்க்கா. கடைசிக் காம்பரா வீடு. ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு எங்கள இந்தியாவுக்கு அனுப்புனப்போ எனக்கு எட்டு வயசு. ரயில் கோச்சியில அம்மா என் கையில சீனி போட்டாங்க. கோச்சி ஆடுன ஆட்டத்துல எல்லாம் கொட்டிருச்சு. நான் அதுக்குத்தான் அழுதேன். பெரியவங்க எதுக்கு அழுதாங்கன்னு அப்ப தெரியல."

சீனியை நக்கி, ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தவன் முகம் அது.

பொன்னையாவுக்கும் கண் கலங்கியது. ஆனாலும் கோபம் விடவில்லை.

"இங்க பொறந்துட்டு நம்ம தலையிலேயே கலப்புத் தேயிலையக் கொட்டலாமாங்க ஐயா?"

இராமையா நிஷாந்தியைப் பார்த்தார். அவள் தலை குனிந்தது.

"தலைவரே... கலக்கணும்னு கேட்டது இந்தியாப் பக்கம் இல்லீங்க. நாங்கதான். ஏற்றுமதி பண்றவங்க நெருக்குறாங்க. முடியாதுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறது இவருதான். லயத்துக் கஷ்டத்தக் காட்டி, வியாபாரம் பெருகுனா தோட்டத்து ஆளுங்களுக்கும் நல்லதுன்னு சொன்னா மனசு மாறுவாருன்னு கூட்டிட்டு வந்தேன்."

பொன்னையா இராமையா பக்கம் திரும்பினார்.

"உங்க நாட்டுத் தேயிலை நல்லா விக்குமே ஐயா. நீங்க ஏன் வேணாங்கிறீங்க?"

இராமையா உள்ளங்கையில் மிச்சமிருந்த சீனியைப் பார்த்தார்.

"எங்கம்மா இங்கயும் கொழுந்து பறிச்சாங்க, நீலகிரியிலயும் பறிச்சாங்க. இங்க இந்தியாக்காரின்னாங்க, அங்க சிலோன்காரின்னாங்க. அந்த ஒப்பந்தத்துல எங்க பேரு போச்சு. இந்த ஒப்பந்தத்துல கொழுந்தாவது சொந்தப் பேரோட போகட்டும்!"