ஜோடிப் படம்

"அப்பனும் மகளும் மாதிரி இருக்கு, கிராணியாரே. கோவிச்சுக்காதீங்க."

பக்கிரிசாமி ஈரம் காயாத படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிரிக்பீல்ட்சில் ஒரு படக்கடையின் மாடியறை அது. எடுத்த படங்களுக்கு மெருகு போடுவது அவர் வேலை. அம்மைத் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழ்க் கருமை எல்லாம் அவர் பென்சிலுக்கு அடங்கும்.

பேசில் எட்டிப் பார்த்தார். ரயில்வே ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா; நாற்பதைத் தாண்டியவர். படத்தில் அவர் மனைவி ஜோசஃபின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அது கல்யாணமான புதிதில் அவளை மட்டும் வைத்து எடுத்த படம். போன வாரம் இதே கடையில் ஒரு காலி நாற்காலியின் முதுகில் கைவைத்து பேசில் நின்றார். இரண்டையும் வெட்டி ஒட்டி, கண்ணாடித் தகட்டில் மறுபடி படமெடுத்து ஒன்றாக்கியிருந்தார்கள். அவள் தோளுக்கும் அவர் விரலுக்கும் நடுவே நூலளவு இடைவெளி.

"என் கண்ணோரத்துக் கோட்டை எடுக்கச் சொன்னேனே, அண்ணே."

"எடுத்துட்டேன்லா. இதுக்கு மேல எடுத்தா முகம் கோலிக்குண்டு ஆயிடும். இப்படித்தான் சீனத் தவுக்கே ஒருத்தருக்கு, பெரிய முதலாளி, எல்லாத்தையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் பெஞ்சாதியே இது யாருன்னு கேட்டுச்சு."

பேசில் சிரிக்கவில்லை. "என் மக கிள்ளானுக்கு மருமகளாப் போறா. அந்த வீட்டுச் சுவத்துல மாட்ட, அப்பாவும் அம்மாவும் சேர்ந்திருக்கற படம் வேணும்னு கேட்டா. வேற எதையும் அவ கேக்கலை."

"அதுக்கு ஏன் வெட்டி ஒட்டணும்? அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. இப்ப இருக்கற மாதிரி ஜோடியா எடுத்துடலாம்."

"அவ வர மாட்டா."

"ஓ. தன் படம் மட்டும் சின்ன வயசாவே இருக்கட்டும்னுட்டாங்களா? கெட்டிக்காரங்க. நீங்கதான் அகப்பட்டீங்க."

அகப்படாமல் இருக்க பேசிலும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டார். பாசாரில் மலாய்க்கார அம்மா விற்கும் அரிசிமாவு வில்லையை, அந்த பெடாக்கை, தண்ணீரில் குழைத்துப் படுக்கும் முன் பூசிக்கொண்டார். சுருட்டை விட்டார். தொப்பி இல்லாமல் வெயிலில் இறங்குவதில்லை. பழமும் கீரையுமாகச் சாப்பிட்டார். காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் ஜோசஃபினின் முகமும் தெரியும். கோடு விழுவது அவருக்குத்தான். அவள் அப்படியே இருந்தாள். அவளை விட்டுத் தான் மட்டும் எங்கோ தள்ளிப் போய்க்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றும்.

"காதோரத்துல வெள்ளையா என்னது? பெடாக்கா?" பக்கிரிசாமி கண்டுபிடித்துவிட்டார். "அது பொம்பளைங்க சமாச்சாரமாச்சே."

"கொஞ்சம் பலன் இருக்குண்ணே. தோல் மிருதுவாச்சு. சின்னக் கோடெல்லாம் மங்கிடுச்சு. இந்தக் கண்ணோரத்துக் கோடு மட்டும் அசையல."

"சுருட்டு?"

"விட்டாச்சு."

"தூக்கம்?"

"சீக்கிரம் படுத்துடறேன்."

"படுக்கறீங்க சரி. தூங்கறீங்களா?"

கீழே தெருவில் ஒரு ரிக்‌ஷா மணியடித்துக்கொண்டு போயிற்று. பேசில் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கிரிசாமி சொன்னது சரிதான். கன்னத்து எலும்பு அம்மாவுக்கும் மகளுக்கும் ஒன்றுதான். யாராவது கிள்ளானில் அந்தச் சுவரைப் பார்த்து, "இது உன் தங்கச்சியா?" என்று மகளைக் கேட்பார்கள்.

"அண்ணே, கோட்டை எடுக்கத்தான் முடியுமா? போட முடியாதா?"

"ஏன் முடியாது? எடுக்கறதுக்குப் பென்சில், போடறதுக்குக் கத்தி. கண்ணாடித் தகட்டுல லேசா சுரண்டினா, படத்துல கோடு விழும். ஆனா இந்தக் கைக்கு யாரும் அந்த வேலை கொடுத்ததில்லை."

"நான் கொடுக்கறேன். என் முகத்துல போட்ட பென்சிலை அழிச்சுடுங்க. எனக்கு உள்ளது உள்ளபடி இருக்கட்டும். கோட்டை அவ முகத்துல போடுங்க."

பக்கிரிசாமி படத்தை மேசையில் வைத்தார். "விளையாடாதீங்க, கிராணியாரே. இதைப் பார்த்தா அம்மா என் கத்தியையே பிடுங்கிட்டு என்னைத் துரத்துவாங்க."

"துரத்தட்டும். நல்லாத்தான் இருக்கும்."

"நிசமாத்தான் சொல்றீங்களா?"

"கண்ணோரத்துல மெல்லிசாப் போடுங்க. வாயோரத்துல கொஞ்சம் ஆழமா இருக்கட்டும், அவ நிறையச் சிரிப்பா. நெத்தியில வேணாம். அவளை நான் கவலைப்பட விட மாட்டேன்." பேசில் கொஞ்சம் யோசித்தார். "காதுக்கு மேல ஒரு நரை. ஒண்ணே ஒண்ணு."

பக்கிரிசாமி தலையைச் சொறிந்துகொண்டே கத்தியைத் தேடி எடுத்தார். தகட்டை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்தார். முகத்தில் இன்னும் கேலி போகவில்லை.

"எத்தனை வருஷத்துக் கோடு போடணும்? அதைச் சொன்னாத்தானே கத்தி வைக்க முடியும்?"

"என் மகளுக்கு என்ன வயசோ, அத்தனை வருஷம் போடுங்கண்ணே," என்றார் பேசில். "அவளைப் பெத்த அன்னைக்கே இவ கண்ணை மூடிட்டா."